கடலில் வேலி: முத்துப் பாரிலிருந்து அட்டைப் பண்ணை வரை

யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் பூநகரிக் கரையிலும் மன்னார்ப் பக்கத்திலும் பெருகிய கடலட்டைப் பண்ணைகள் குறித்துப் புகலிடத்தில் எம்மிடையே நடக்கும் பேச்சு இரண்டு தடங்களிலேயே ஓடுகிறது. ஒரு தடத்தில் இது சீனாவைப் பற்றிய பிரச்சினை. அட்டையின் பெயரால் ஒரு வல்லரசு வடகடலுக்குள் கால் வைக்கிறது, இந்தியா அதை எப்படிப் பார்க்கும், எமது அரசியலுக்கு அதனால் இலாபமா நட்டமா என்று கணக்குப் பார்க்கப்படுகிறது. மற்றத் தடத்தில் இது அபிவிருத்தியைப் பற்றிய பிரச்சினை. போரால் நொந்த கரைகளுக்கு ஒரு தொழில் வந்திருக்கிறது, டொலர் வருகிறது, இதையும் எதிர்ப்பவர்கள் எதையும் எதிர்ப்பவர்கள் என்று சொல்லப்படுகிறது. இரண்டு தரப்பிலும் எனக்கு நண்பர்கள் உள்ளனர். இரண்டு தரப்புமே கேட்காத ஒரு பழைய கேள்வியை இங்கு எழுப்ப விரும்புகிறேன்.

கடலிலிருந்து எடுப்பது என்ற நிலையிலிருந்து கடலில் வளர்ப்பது என்ற நிலைக்கு ஒரு சமூகம் மாறும்போது, அந்த நீரும் அதன் அடித்தரையும் யாருடையவை ஆகின்றன? பிடிப்பவருக்கு வலை போதும். வளர்ப்பவருக்கு வேலி வேண்டும். தான் விட்ட குஞ்சை இன்னொருவர் அள்ளிக்கொண்டு போகலாம் என்றால் எவரும் குஞ்சு விடமாட்டார். ஆகவே கடல் வளர்ப்பு எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் தொழில்நுட்பத்துக்கு முன்பே உடைமை பற்றிய ஒரு தீர்மானம் வந்துவிடுகிறது. எமது கடலில் இந்தத் தீர்மானம் முதன்முறையாக எடுக்கப்பட்டது 2021இல் அன்று. அதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

பாடும் வேலியும்

இதை எழுதும் நான் தோட்டக்காரக் குடும்பத்திற் பிறந்தவன். கடற்கரை எங்கள் வீட்டாருக்கு மீன் வாங்கப் போகும் இடம். எமது ஊரில் உடைமை என்றால் காணி. காணி என்றால் வேலி. ஒரு முழம் தள்ளிக் கதியால் போட்டதற்காகத் தலைமுறைக் கணக்கில் கோட்டுக்குப் போன குடும்பங்களை எம்மில் எல்லோருக்கும் தெரியும். ஒல்லாந்தர் 1706-07இல் தொகுத்துச் சட்டமாக்கிய தேசவழமையின் உலகமும் பெரும்பாலும் காணி, தோட்டம், சீதனம், அடைமானம் ஆகியவற்றின் உலகமே. புகலிடத்தில் எழுதிக்கொண்டிருக்கும் எம்மிற் பலர் இந்த வேலி உலகத்திலிருந்து வந்தவர்கள். அதனால் வேலியில்லாத ஓரிடத்தைக் கண்டால் அது யாருக்கும் சொந்தமில்லாத வெறும் வெளி என்று சுலபமாக நினைத்துவிடுகிறோம்.

கடற்றொழில் செய்வோருக்குக் கடல் ஒருபோதும் வெறும் வெளியாக இருந்ததில்லை. கரைவலை இழுக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாட்டில் யாருடைய வலை, எந்த நாளில் யாருடைய முறை என்பதற்கு ஊர் வழக்கு இருந்தது. தமிழ்நாட்டின் பழவேற்காட்டு ஏரியிலும் பாடு என்ற இதே சொல்லால் வலை போடும் முறை பங்கிடப்பட்டு வந்திருக்கிறது. பூநகரிக் கரையில் வலைப்பாடு என்றே ஓர் ஊர் உண்டு. கடனீரேரியில் சிறகுவலை கட்டுவோர், களங்கட்டி நடுவோர், நண்டுவலை விடுவோர், வற்று நீரில் நடந்து கையால் இறால் தடவுவோர் எல்லோரும் ஒரே நீரை வெவ்வேறு பொழுதில், வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு பருவத்தில் பயன்படுத்தினர்.

பாடு என்பதும் எல்லைதான். ஆனால் அது காலத்தால் போடப்பட்ட எல்லை. இன்று உன் முறை, நாளை என் முறை. வேலி இடத்தால் போடப்படும் எல்லை; இன்றும் என்னுடையது, நாளையும் என்னுடையது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே இக்கட்டுரையின் மையம்.

இதைச் சொல்லும்போது பழைய ஒழுங்கை ஒரு பொற்காலமாக வர்ணிக்க நான் ஆயத்தமில்லை. பாட்டுரிமை பல இடங்களிற் சம்மாட்டிமாரின் கையில் இருந்தது. வலை இழுத்தவர்கள் கூலிக்கும் பங்குக்கும் முன்பணக் கடனுக்கும் கட்டுப்பட்டு இழுத்தார்கள். பழவேற்காட்டிற் பாடு முறை குறிப்பிட்ட சாதியாருக்கு உள்ளே சமத்துவத்தையும் வெளியே இருந்தவர்களுக்குக் கதவடைப்பையும் ஒருங்கே தந்தது. பொதுமை என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்கவில்லை என்று எப்போதும் கேட்க வேண்டும். இருந்தாலும் காலத்தால் போடப்பட்ட எல்லையைப் பேசி மாற்ற முடியும். அதற்குள் புதிதாக ஒருவரைச் சேர்க்கவும் முடியும். கம்பும் வலையும் அனுமதிப் பத்திரமும் கொண்டு போட்ட எல்லை அவ்வளவு இலகுவில் இளகாது.

மூன்று குவியல்கள்

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் வேலி போட முடியாத இடங்கள். சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டிக் கரைகளிலிருந்து பல மைல் தள்ளி, கடலடியில் பாறைத் திட்டுகளாகக் கிடப்பவை. அரசர்களும் அவர்களுக்குப் பின் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இந்தப் பார்களை அரசுடைமை என்றே கொண்டனர். ஆனால் அந்த உடைமை சலாபம் நடக்கும் சில வாரங்களில் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. சிப்பிகள் நாலைந்து வயதை அடைந்து முத்து விளைந்திருக்கிறது என்று சோதித்து அறிந்த பின், நாள் குறித்து, வள்ளங்களைப் பதிவு செய்து குளிக்க விட்டார்கள். தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம் முதல் அரபு நாடுகள் வரையிலிருந்து குளியாட்கள் வந்து குவிந்தனர். காட்டோரத்து மணற்கரையில் ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டினமே எழுந்து, சலாபம் முடிந்ததும் மறைந்தது.

ஆங்கிலேயர் காலத்தின் பிற்பகுதியில் பங்கீடு நடந்த விதம் கவனிக்கத்தக்கது. வள்ளம் கரைக்கு வந்ததும் சிப்பிகள் அரசாங்கக் கொட்டிலுக்குள் கொண்டுபோகப்பட்டு மூன்று சம குவியல்களாகப் போடப்படும். அதிகாரி இரண்டு குவியல்களைத் தெரிந்து அரசுக்கு எடுத்துக்கொள்வார். மூன்றாவது குவியல் குளித்தவர்களுக்கு. அதற்குள்ளிருந்துதான் வள்ளக்காரரின் பங்கும் கயிறு பிடித்தவரின் பங்கும் போக வேண்டும். மூன்றில் இரண்டு என்பது கொடுமையான வாரம்தான். ஆயினும் அது கூலி முறை அன்று. மூச்சை அடக்கிக் கீழே போனவருக்குத் தான் எடுத்ததில் ஒரு பங்கு சிப்பியாகவே கிடைத்தது. அதனுள் முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சந்தை வாசலில் நின்று அதை விற்கும் உரிமை அவருடையது.

1905ஆம் ஆண்டுச் சலாபம் இந்த முறையின் உச்சம். மறிச்சுக்கட்டியில் 318 வள்ளங்களும் ஏறத்தாழ 5,000 குளியாட்களும் பதிவாகினர். 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குக் கிடைத்தது 25 இலட்சம் ரூபாவுக்கு மேல். அடுத்த ஆண்டு, 1906இல், யாழ்ப்பாணத்தில் இளம் சிவில் அதிகாரியாக இருந்த லெனார்ட் வுல்ஃப் சலாபக் கடமைக்கு அனுப்பப்பட்டார். சிப்பி அழுகும் நாற்றமும் ஈக்களும் மனித உழைப்பும் பணமும் ஒன்றாகக் கலந்த அந்தக் காட்சியை அவர் பின்னர் ஒரு சிறுகதையிலும் தன் வரலாற்றிலும் எழுதியிருக்கிறார்.

வளர்ப்பு என்ற வாக்குறுதி

சலாபத்தின் பெரிய குறை அதன் நிச்சயமின்மை. 1837 முதல் 1854 வரை இலங்கையில் முத்துக்குளிப்பு இல்லை. 1891க்குப் பின் 1903 வரையும் இல்லை. வரவுசெலவு எழுதும் காலனித்துவ நிர்வாகத்துக்கு இது பொறுக்க முடியாத விடயம். இந்த இடைவெளியில்தான் வளர்ப்பு என்ற எண்ணம் முளைக்கிறது.

முதலில் வந்தவர் எட்வேர்ட் கெலார்ட். இலங்கையிற் பிறந்த பறங்கிய மருத்துவர். 1857இலிருந்து முத்துச் சிப்பியின் இயல்பை ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கைகள் எழுதினார். சிப்பி தன்னைப் பாறையிற் கட்டியிருக்கும் நாரை அறுத்துவிட்டு நகர்ந்து வேறிடத்தில் மறுபடியும் பற்றிக்கொள்ளும் என்று அவர் கண்டார். அப்படியானால் சிப்பிகளைப் பெயர்த்துப் புதிய இடத்திற் குடியேற்றலாம் அல்லவா என்ற கேள்வி எழுந்தது. 1860இல் அவர் இறந்தபின் அந்த யோசனை கிடப்பிற் போனது.

1902இல் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் வரவழைக்கப்பட்டார். உதவியாளராக வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் தொடர்ந்து தங்கினார். 1903 முதல் 1906 வரை இலண்டன் ரோயல் சொசைட்டி ஐந்து பாகங்களாக வெளியிட்ட அவர்களின் அறிக்கை இன்றும் மன்னார்க் கடலின் உயிரினங்கள் பற்றிய அடிப்படை நூல்களில் ஒன்று. முத்து விளையக் காரணம் ஒருவகைப் புழுவின் இளம்பருவமே என்று ஹேர்ட்மன் நம்பினார். பின்வந்த ஆய்வுகள் அதைப் பொதுவிதியாக ஏற்கவில்லை. ஆனால் பார்கள் பற்றி அவர் கண்டது முக்கியமானது. கரையிலிருந்து மிகத் தள்ளி, கடல் சட்டென ஆழத்துக்கு இறங்கும் விளிம்பருகில் இருக்கும் பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் கோடிக்கணக்கிற் படிகின்றன. பருவக்காற்றுக் காலம் முடிந்து பார்த்தால் அவை இல்லை. அழியப்போகும் அந்தக் குஞ்சுகளை முன்கூட்டியே அள்ளி வந்து பாதுகாப்பான உட்பார்களில் இடலாம், அவை பற்றிப் பிடிக்கக் கல்லும் ஓடும் கொட்டலாம் என்பது அவருடைய பரிந்துரை.

அறிவியல் ரீதியில் இது நியாயமான யோசனை. அது சட்டத்துக்குள் நுழைந்த விதமே வேறு. 1906இல் இலங்கை அரசாங்கம் முத்துப் பார்களை 20 வருடக் குத்தகைக்கு ஒரு பிரித்தானியக் கொம்பனியிடம் கொடுத்தது. குத்தகைப் பணம் ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா. சிப்பி வளர்ப்புக்கும் இடமாற்றத்துக்கும் கொம்பனி ஆண்டுதோறும் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஒரே வருடத்தில், 1905இல், கிடைத்த வருமானம் இந்த வருடாந்தக் குத்தகையிலும் எட்டு மடங்கு. அரசாங்கத்தின் நியாயமும் விளங்குகிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஒன்றுமே வராமற் போவதிலும் நிச்சயமான ஒரு தொகை மேல். ஆனால் இந்தக் கணக்கிற் குளியாட்களின் மூன்றாவது குவியலுக்கு ஏட்டில் ஒரு வரி கிடையாது. முன்பு சலாபக் காலத்துக்கு மட்டும் நிலவிய எல்லை, வளர்ப்பு என்ற சொல்லின் துணையோடு, 20 வருடம் நீளமான எல்லையாக மாறியது.

முடிவு விரைவாக வந்தது. 1907இற் சலாபம் நடந்தது. அதன்பின் 1925 வரை இலங்கைப் பார்களில் முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. கொம்பனியும் குத்தகைக் காலம் முடியும்வரை தாக்குப்பிடிக்கவில்லை. முந்திய வருடங்களில் மிகையாக அள்ளியது காரணமா, இயற்கையின் ஏற்றத்தாழ்வா என்ற விவாதம் நீண்டகாலம் நடந்தது. ஒரு விடயம் மட்டும் தெளிவு. சிப்பியின் குஞ்சு பிறந்தவுடன் பாரில் ஒட்டுவதில்லை. வாரக்கணக்கில் நீரோட்டத்தோடு மிதந்து திரிந்த பின்னரே எங்காவது படிகிறது. பாரைக் குத்தகைக்கு எடுக்கலாம். நீரோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்க முடியாது.

அதே காலத்தில் ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி வேறொரு வழியிற் போனார். 1893இல் அரைக்கோள முத்தை வளர்த்து எடுத்தார். 1920களில் வளர்ப்பு முத்துக்கள் உலகச் சந்தையை நிறைத்தன. பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பு ஊர்கள் அதன்பின் நிமிரவில்லை. மன்னாரிற் பார்கள் ஓய்ந்ததோடு குளியாட்களின் தொழிலும் ஓய்ந்தது.

தூத்துக்குடியும் நாகப்பட்டினமும்

வளர்ப்பின் அடுத்த அத்தியாயம் வளைகுடாவின் மறுகரையில். தூத்துக்குடிப் பக்கத்துப் பார்களில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில் கே. அழகர்சுவாமி தலைமையிலான ஆய்வாளர்கள் இந்தியாவின் முதலாவது கோள வடிவ வளர்ப்பு முத்தை எடுத்தனர். அதே நிலையத்தில் 1988இல் டி.பி. ஜேம்ஸ், வெள்ளை அட்டை என்று எமது மக்கள் அழைக்கும் கடலட்டை இனத்தை உலகில் முதன்முறையாகக் குஞ்சு பொரிக்கச் செய்தார். இன்று யாழ்ப்பாணக் கரையில் சீனத் தொழில்நுட்பம் என்று பேசப்படுவதன் மூலவேர்களில் ஒன்று தூத்துக்குடியில் இருக்கிறது என்பதை எமது விவாதங்களில் யாரும் குறிப்பிடுவதில்லை. இந்தியா 2001இல் எல்லாக் கடலட்டை இனங்களையும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்து பிடிப்பதைத் தடைசெய்தது. அறிவு பிறந்த இடத்தில் அதைத் தொழிலாக்கும் வழி அடைபட்டது.

அட்டைக்கு முன் வந்தது இறால். 1990களின் முற்பகுதியில் ஆந்திரம், தமிழ்நாட்டுக் கரைகளில் இறால் பண்ணைகள் காளான்போல முளைத்தன. நாகப்பட்டினப் பக்கத்தில் வயல்கள் குளங்களாயின. உப்பு நீர் கசிந்து குடிநீர்க் கிணறுகள் கெட்டன. நிலமற்ற தலித் விவசாயக் கூலிகளுக்கு நடவு வேலை இல்லாமற் போனது. மீனவர்கள் கடலுக்குப் போகும் பாதை பண்ணைகளால் மறிக்கப்பட்டது. காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் நடத்திய போராட்டம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996 டிசம்பர் 11இல் நீதிபதி குல்தீப் சிங் முன்னின்று வழங்கிய தீர்ப்பாக முடிந்தது. உயர்நீர்க் கோட்டிலிருந்து 500 மீற்றருக்குள் உள்ள வணிக இறால் பண்ணைகள் 1997 மார்ச் 31க்குள் அகற்றப்பட வேண்டும், வேலை இழக்கும் தொழிலாளருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. பண்ணைகள் தந்த வருமானத்தைவிட அவை விளைத்த சேதத்தின் பெறுமதி அதிகம் என்ற ஆய்வு நீதிமன்றத்தின் முன் இருந்தது. அது மேற்கோள் காட்டிய இன்னொரு அறிக்கை, அப்போது உவர்நீர் உயிரின வளர்ப்பு நிறுவனத்தின் இயக்குநராக இருந்த அதே அழகர்சுவாமியுடையது. முத்து வளர்த்தவரின் எழுத்து இறால் பண்ணைகளுக்கு எதிரான சாட்சியமாகியது.

ஆனால் மறு ஆய்வு மனுக்களின் பேரில் தீர்ப்பின் நிறைவேற்றம் நிறுத்திவைக்கப்பட்டது. 2005இல் வந்த கரையோர நீருயிரின வளர்ப்பு அதிகாரசபைச் சட்டம், பதிவு, உரிமம் என்ற வழியாகப் பண்ணைகளுக்கு மறுபடியும் சட்ட இருப்புக் கொடுத்தது. நீதிமன்றத்தில் வென்ற பொதுமை பாராளுமன்றத்தில் தோற்றது என்று இதைச் சுருக்கலாம்.

மகிழடித்தீவு

எமது மண்ணில் இறால் பண்ணை என்ற சொல்லுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1980களில் மட்டக்களப்பு வாவிக் கரையில், கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவில், வெளிநாட்டு முதலீட்டுடன் ஓர் இறால் பண்ணை இயங்கியது. சுற்றுவட்டாரத்து இளைஞர்கள் அங்கு வேலை செய்தனர். 1987 ஜனவரி 28ஐ ஒட்டிய சுற்றிவளைப்பின்போது பண்ணைத் தொழிலாளர்களும் கிராமத்தவரும் உட்பட 80க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்டது விசேட அதிரடிப் படை.

இங்கு இதைக் குறிப்பிடுவது துயரப் பட்டியலில் ஒன்றைச் சேர்ப்பதற்காக இல்லை. எமது கரையில் நீரின் எல்லையை வரையும் உரிமை ஊரிடமோ சட்டத்திடமோ இல்லாமல் துப்பாக்கியிடம் இருந்த காலத்தை அது நினைவூட்டுகிறது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து வடகடலிலும் தடைவலயங்கள் வந்தன. ஒரு தலைமுறை கரையோரத்தில் நின்றபடியே கடலை இழந்தது. 2009க்குப் பின் அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் திரும்பவும் வள்ளம் இறக்கியபோது, ஆழத்தில் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் நின்றன. இழுவைமடித் தொழில் இலங்கையில் 2017இற் சட்டத்தாற் தடைசெய்யப்பட்ட பின்னும் எல்லை தாண்டி வந்த படகுகள் நிற்கவில்லை. சிறுதொழிலாளர் மேலும் மேலும் கரையோர வற்றுக்கடலை நம்ப வேண்டியதாயிற்று. அதே வற்றுக்கடல்தான் அட்டைப் பண்ணைக்கும் தோதான இடம்.

நோர்வேயில் நடந்தது

நான் வாழும் நாட்டின் அனுபவத்தையும் இங்கு வைக்கிறேன். நோர்வேக்கும் எமது கடலுக்கும் உள்ள உறவு அகதிகளோடு தொடங்கியதன்று. 1956இல் இங்கு வந்த அந்தோனி இராஜேந்திரத்தின் முயற்சியாலேயே 1960களில் காரைநகரில் சீநோர் உருவானது. 1980களில் வந்த எம்மில் பலர் வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தோம். நானும் பின்மார்க்கில் மூன்று வருடம் மீன் வெட்டினேன். அந்த வருடங்களிற் கூடுகளில் வளர்த்த சல்மன் பெருந்தொழிலாக எழுந்துகொண்டிருந்தது.

1970இல் ஹித்ரா தீவிற் குரொந்த்வெத் சகோதரர்கள் கடற்கூடுகளில் சல்மன் குஞ்சுகளை விட்டு வெற்றி கண்டார்கள். மூன்றே வருடத்தில், 1973இல், அனுமதியின்றிப் பண்ணை வைக்க முடியாது என்ற சட்டம் வந்தது. கூட்டின் கனவளவுக்கு வரம்பு இடப்பட்டது. ஒருவருக்கு ஒரு பண்ணை, உரிமையாளர் அந்தப் பகுதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பன கொள்கையாக இருந்தன. கரையோரக் கிராமங்களைக் காலி செய்யாமல் வைத்திருப்பதே நோக்கம். 1991இல், நெருக்கடியின் நடுவே, உடைமை வரம்பு தளர்த்தப்பட்டது. அதன்பின் சில பெருங்கொம்பனிகளிடம் அனுமதிகள் குவிந்தன. கடலோரச் சிற்றூரின் நீரிற் கிடக்கும் கூட்டுக்குப் பங்குச் சந்தையில் முதலாளி இருக்கும் நிலை வந்தது. மூன்று தசாப்தம் கழித்து, 2023இல், நோர்வேப் பாராளுமன்றம் சல்மன் வளர்ப்பின் மீது 25 வீத வளவாடகை வரியை நிறைவேற்றியது. கடல் பொதுச்சொத்து, அதைத் தனியாகப் பயன்படுத்தி வரும் மிகை இலாபத்தில் ஒரு பங்கு சமூகத்துக்குச் சேர வேண்டும் என்பது அதன் அடிப்படை வாதம். கொம்பனிகள் கடுமையாக எதிர்த்தன. பண்ணையுள்ள நகரசபைகள் தமக்கு எவ்வளவு என்று கேட்டன.

நோர்வே எமக்கு முன்மாதிரி என்று நான் சொல்ல வரவில்லை. பலமான அரசும் தொழிற்சங்கமும் உள்ள நாட்டிலேயே முதல் இருபது வருடம் உள்ளூரவருக்காகப் போட்ட வேலி அடுத்த முப்பது வருடத்திற் பெரியவருக்கான வேலியாக மாறியது. அனுமதிப் பத்திரம் கைமாறக்கூடியதா இல்லையா என்ற ஒரு சிறு வாசகத்தில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது.

ஏக்கரால் அளக்கப்பட்ட கடல்

இப்போது அட்டைக்கு வருவோம். எமது மக்கள் அதை உண்பதில்லை. குடலகற்றி, அவித்து, உலர்த்தி ஏற்றுமதி செய்வார்கள். வெள்ளை அட்டை சேற்றையும் மணலையும் விழுங்கி அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு மிகுதியைத் தள்ளும். உணவு போட வேண்டியதில்லை. இறால் பண்ணை போலக் கழிவுநீர்ப் பிரச்சினையும் பெரிதில்லை. இதை அட்டையை ஆதரிப்போர் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் அதற்கு வேண்டியது கடற்புல் வளர்ந்த ஆழமற்ற சேற்றுத் தரை. அது மீனும் இறாலும் நண்டும் குஞ்சாக வளரும் இடமுமாகும். கம்பு நட்டு வலையால் அடைத்த பின் அதற்குள் சிறகுவலை வராது. கையால் இறால் தடவும் பெண்ணும் போக முடியாது.

அரியாலையிற் சீனக் கூட்டு நிறுவனத்தின் குஞ்சுப் பொரிப்பகம் இயங்கத் தொடங்கியது. 2021இல் கௌதாரிமுனைப் பண்ணைக்கு உரிய அனுமதி உண்டா என்ற சர்ச்சை எழுந்தது. 2022 ஜூனில் அமைச்சரவை யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் பாரிய அட்டை வளர்ப்புத் திட்டத்துக்கு அங்கீகாரம் அளித்தது. அதே ஆண்டிற் கிராஞ்சி, இலவங்குடாக் கடற்றொழிலாளர் தமது வலைத்தளத்தில் பண்ணைகள் வந்துவிட்டன என்று கூறி நீண்டநாட் போராட்டத்தில் அமர்ந்தனர். வலைப்பாடு என்ற ஊர் அங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை.

ஏக்கர் என்ற சொல்லைக் கவனியுங்கள். பாடு என்று அளந்த கடலை ஏக்கரால் அளக்கத் தொடங்கியதும் பாதி விவாதம் முடிந்துவிடுகிறது. அந்தப் பண்ணைகளிற் பல உள்ளூர்த் தமிழருடையவை. சில அதே ஊர்க் கடற்றொழிலாளருடையவை என்பதும் உண்மை. சீனாவைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். வேலி போட்டவர் எமது ஆள் என்பதால் வேலிக்கு வெளியே நிற்பவருக்கு நீர் திரும்பக் கிடைக்காது.

குஞ்சு பற்றிய கேள்வியும் உண்டு. தென்மேற்கு மடகஸ்காரில் கரையோரக் குடும்பங்களே சிறு அடைப்புகளில் இதே இனத்தை வளர்க்கின்றன. அங்கு குஞ்சு கொடுப்பதும் வளர்ந்ததை வாங்குவதும் ஒரே நிறுவனம். வேலி குடும்பத்தின் பெயரில் இருந்தாலும் விலை குடும்பத்தின் கையில் இல்லை. விதைநெல்லை இழந்த விவசாயியின் கதையை அறிந்த எமக்கு இது புரியாத விடயமன்று.

எம்மிடம் கேட்கப்படும் பணம்

இந்த வரலாறு புகலிடத்தில் இருக்கும் எமக்கு வெறும் வாசிப்பாக இல்லை. வடக்கில் முதலீடு செய்யுங்கள் என்ற அழைப்பு வருடாவருடம் வருகிறது. அண்மையில் ஒரு நண்பர், அட்டைப் பண்ணையொன்றில் பங்கு எடுக்க நான் விரும்புகிறேனா என்று கேட்டார். ஊருக்கு நன்மை, எமக்கும் இலாபம் என்றார். அவர் நேர்மையானவர். ஆனால் 1906இல் இலண்டனிலிருந்து மன்னார்ப் பாரிற் பங்கு வாங்கியவருக்கும் இன்று ஒஸ்லோவிலோ ரொறன்ரோவிலோ இருந்து கடனீரேரியிற் பங்கு வாங்குபவருக்கும் இடையில் இனம், மொழி என்பவற்றைத் தவிர என்ன வித்தியாசம் என்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன். அந்தத் தண்ணீரில் ஒருநாளும் இறங்காத இருவரும் அதன் பலனில் பங்குகொள்ளவே பணம் கொடுக்கிறார்கள்.

கடல் வளர்ப்பு வேண்டாம் என்பது என் நிலைப்பாடு அன்று. இயற்கையில் அட்டை அள்ளித் தீர்ந்துவரும் கடலில் வளர்ப்பு ஒரு தேவையாகவும் இருக்கலாம். கேள்வி எந்த நிபந்தனையில் என்பதே. நண்பருக்கு நான் எழுதிய கேள்விகளை இங்கும் வைக்கிறேன். அனுமதி எத்தனை வருடத்துக்கு, அது விற்கவோ பினாமிக்கு மாற்றவோ கூடியதா? பருவம் முடிந்ததும் வலையை அகற்றி மற்றவர் தொழிலுக்கு நீரைத் திறந்துவிடும் முறை, அதாவது பாட்டின் காலக்கணக்கு, பண்ணைக்கும் பொருந்துமா? குஞ்சுப் பொரிப்பகம் யாருடையது. கூட்டுறவுச் சங்கங்களின் சமாசம் ஒன்றினதாக அது ஏன் இருக்க முடியாது? குத்தகைப் பணம் கொழும்புத் திறைசேரிக்கா, அந்த ஊருக்கா? இறுதியாக, சம்மதம் கொடுத்தது யார்? சங்கத் தலைவரின் கையொப்பமா, வள்ளமில்லாத கூலித் தொழிலாளியும் கையால் இறால் பிடிக்கும் பெண்ணும் இருந்த கூட்டமா?

கடைசிக் கேள்வியே எல்லாவற்றிலும் கடினமானது. எமது ஊர்களிற் பொதுக்கூட்டம் என்றால் யார் முன்வரிசையில் இருப்பார் என்பது எமக்குத் தெரியும். சாதியும் பாலும் வள்ளமும் அங்கே பேசும். அதனாலேயே அந்தக் கேள்வியை வெளியே இருந்து பணம் அனுப்பும் எம்மைப் போன்றவர்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டியுள்ளது. எமக்கு அங்கு வாக்கில்லை. ஆனால் எமது பணத்துக்கு அங்கு வாக்கு இருக்கிறது.

நண்பரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. இப்பக்கங்களில் இதற்கு மாறான கருத்துள்ளவர்கள், குறிப்பாகக் கடற்றொழிற் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இவ்விடயத்தில் வயற்கரையின் குரல் போதுமான அளவு கேட்டாகிவிட்டது.